என்ன வேணும்

மெர்சி சத்தமாகத்தான் கேட்கிறாள். அவள் குரலே அப்படி, ஒரு பக்கம் ஜெராக்ஸ் மிஷின் ஓட, ஒரு பக்கம் கோர்ட் வாசலில் ஆட்டோக்கள் உறும, எல்லாவற்றுக்கும் மேலே பேசிப் பேசிப் பழகின குரல். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை, பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவே தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலம் முழுவதும் நானும் அப்படித்தான் பேசினேன், வீட்டுக்கு வந்த பிறகும் என் சம்சாரம் ருக்குமணி காதைப் பொத்திக்கொண்டு, ஏனுங்க, நான் என்ன கடைசி சீட்டுலயா உக்காந்திருக்கேன் என்பாள். ஆனாலும் இந்தக் கேள்விகளைக் கொஞ்சம் மெதுவாகக் கேட்டிருக்கலாம். டைப்பிங் கடையும் பஸ் மாதிரிதான், எல்லாரும் எல்லாருடைய மடியிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தம் அடிக்க வந்த தடித்த ஆள் ஒருவர் என் தோளை ஒட்டி நிற்கிறார், ஏதோ சான்றிதழ் நகலெடுக்க ஒரு அம்மாள் மகளோடு நிற்கிறாள், அவர்கள் தலைக்கு மேலே மெர்சி, ஐயா, மூக்கு வழியாக் குழாய் விட்டுச் சாப்பாடு குடுக்கறது, வேணுங்களா வேண்டாங்களா என்கிறாள். வேண்டாம் என்கிறேன். நெஞ்சை அமுக்கி, கரண்ட் வெச்சு எழுப்பறது? வேண்டாம். மிஷின் வெச்சு மூச்சு விட வைக்கறது? தடித்த ஆள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்க்கிறார். ஏம்மா, ஓட்டல்ல சட்னியா சாம்பாரான்னு கேக்கற மாதிரி கேக்கறயே, பெரியவர் பாவம் என்கிறார். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், மகள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறாள், நானும் சிரிக்கிறேன், சிரித்துக்கொண்டே வேண்டாம் என்கிறேன், அது என் காதுக்கே சரியாக எட்டவில்லை. மெர்சிக்கு எட்டியதா தெரியாது. இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள், நானும் விட்டுவிட்டேன், ஒரு நிறுத்தம் தாண்டிப்போன பிறகு இறங்கணும் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அடுத்த ஊர் வரைக்கும் பேசாமல் வருகிறவர்கள் உண்டு, அவர்களை நான் எத்தனை திட்டியிருக்கிறேன், வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்க என்று.

மாடியில் நோட்டரி வக்கீல் போன வாரம் தெளிவாகத்தான் சொன்னார். உயில்ங்கிறது நீங்க போன பிறகு பேசும். இது நீங்க இருக்கறப்பவே, உங்க பேச்சு நின்ன பிறகு பேசும். டாக்டருங்க இதைப் பார்ப்பாங்க, நீங்க யாரை நியமிக்கறீங்களோ அவங்களைக் கேப்பாங்க. கீழே மெர்சிகிட்ட அடிச்சுக்குங்க, ரெண்டு சாட்சியையும் அந்த ஆளையும் கூட்டிட்டு வாங்க, நான் மதியம் கோர்ட்டிலிருந்து வந்ததும் முத்திரை போட்டுத் தர்றேன். அவர் சொல்லும்போது சுலபமாக இருந்தது. அந்த அறையில் அவரும் நானும்தான். இங்கே வந்து உட்கார்ந்ததும் கூட்டத்தில் வேட்டி அவிழ்ந்த மாதிரி இருக்கிறது, இன்னும் நடக்காத ஒன்றுக்காக, நான் நினைவில்லாமல் கிடக்கப்போகிற ஒரு கட்டிலுக்காக, அங்கே யார் துடைப்பார்கள், யார் புரட்டிப் போடுவார்கள், எதையெல்லாம் எல்லாரும் பார்ப்பார்கள் என்பதை இப்போதே இந்த ஆட்கள் என் முகத்தில் பார்க்கிறார்கள் என்று தோன்றுகிறது. அப்படியொன்றும் இல்லை, அந்தப் பெண் செல்போனுக்குத் திரும்பிவிட்டாள், தடித்த ஆள் பத்து நிமிஷத்தில் என்னை மறந்துவிடுவார், இல்லை, மறக்க மாட்டார், அவரைத்தான் சாட்சிக்குப் பிடித்திருக்கிறாள் மெர்சி, அண்ணா, சும்மாதானே நிக்கறீங்க, ஒரு கையெழுத்து என்று. இன்னொரு சாட்சி அவள் வீட்டுக்காரர். என் கடைசி மூச்சுக்குச் சாட்சி, பேர் தெரியாத இரண்டு பேர். பஸ்ஸில் என்னோடு இருந்தவர்களைக் கூப்பிட்டிருக்கலாம், டிரைவர் மயில்சாமி இன்னும் இருக்கிறான், கூப்பிட்டால் வருவான், வந்து ஊர் முழுக்கச் சொல்வான்.

கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. உங்களுக்காக முடிவெடுக்கறவங்க பேருங்க ஐயா? கோகிலவாணி. வயசு, விலாசம் எல்லாம் சொன்னேன். அவங்க உங்களுக்கு என்ன வேணும்? விரல்களைக் கீபோர்டு மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்கு அங்கேயே சிக்கிக்கொண்டது. இத்தனை நேரம் குழாய்க்கும் மிஷினுக்கும் கேட்ட அதே சொல்லைத்தான் மனுஷிக்கும் கேட்கிறாள், வேறு எப்படிக் கேட்பாள், எல்லாரும் அப்படித்தானே கேட்கிறோம், பஸ்ஸில் இடம் பிடித்துத் தந்த ஆளைக் காட்டி, அவிய உங்களுக்கு என்ன வேணும் என்றால், மாமன் வேணும், சித்தப்பன் வேணும், தூரத்து அண்ணன் முறை வேணும் என்பார்கள், யாரும் யோசித்துச் சொன்னதில்லை. நான் யோசித்தேன். மருமகள் என்று வாய் வரைக்கும் வந்தது. மருமகளாக இருந்தவள் என்பதுதான் சரி, ஆனால் இருந்தவள் என்று செத்துப்போனவர்களைத்தான் சொல்லுவோம், அவள் நன்றாக இருக்கிறாள், ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை, ஸ்கூட்டர் வைத்திருக்கிறாள். என் மகன் பிரபாகரோடு ஏழெட்டு வருஷம் வாழ்ந்தாள், பிறகு இரண்டு பேருக்கும் ஆகவில்லை, இதே தெருவில் எதிர்ப்பக்கம் இருக்கிற கோர்ட்டில்தான் தீர்ப்பு வந்தது, அவன் பூனாவுக்குப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டான். இதையெல்லாம் மெர்சிக்குச் சொல்ல முடியுமா. தடித்த ஆள் வேறு காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். வேண்டியவங்க என்றேன். மெர்சி சிரித்தாள். அது சரிங்க ஐயா, வேண்டியவங்கன்னு பத்திரத்துல போட முடியுமா, உறவுன்னு ஒண்ணு வேணுமில்ல, இருக்கட்டும், காலியா விடறேன், அவங்க வந்ததும் கேட்டுப் போட்டுக்கலாம்.

வேண்டியவங்க. ஐம்பது வயசுக்கு மேல்தான் எனக்குச் சொற்களைப் பிடித்து நிறுத்திப் பார்க்கிற பழக்கம் வந்தது. பள்ளிக்கூடம் போனது கொஞ்சம், மற்றதெல்லாம் சீட்டில் விட்டுப்போன பேப்பர்களிலிருந்து, ஷெட்டில் வண்டி நிற்கும்போது எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி வந்த படிப்பு. ஹோல்டான் என்பது தமிழ் என்றே முக்கால்வாசி சர்வீஸ் வரைக்கும் நினைத்திருந்தேன். வண்டியை நிறுத்தணும் என்றால் ஹோல்டான், எடுக்கணும் என்றால் ரைட், எனக்கு முன்னால் இருந்தவர்கள் கத்தினார்கள், நானும் கத்தினேன், ரைட் மட்டும் இங்கிலீஷ் என்று தெரியும், ஹோல்டான் ஏதோ நம் ஊர்ச் சொல், கூட்டான், குண்டான் மாதிரி. கோகிலாதான் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, மாமா, அது ரெண்டு வார்த்தை, ஹோல்ட், ஆன், பிடிச்சுக்கங்கன்னு அர்த்தம் என்றாள், பிரபாகர் விழுந்து விழுந்து சிரித்தான், ருக்குமணி எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் சிரித்தாள், அன்றைக்கும் இப்படித்தான் என் முகம் எரிந்தது, ஆனால் அது வீட்டுக்குள் எரிந்த எரிச்சல், அதில் ஒரு சுகம்கூட இருந்தது. அவளும் சிரித்தாள், ஆனால் உடனே, நல்ல வார்த்தைதானுங்க மாமா, நிறுத்துன்னு சொல்லாம பிடிச்சுக்கன்னு சொல்றது என்றாள். அன்றைக்கு அவள் என்னை ஒரே பேச்சில் இரண்டு தரம் மாமா என்றாள், அப்போது எண்ணவில்லை, இப்போது எண்ணுகிறேன், ஏனென்றால் தீர்ப்புக்குப் பிறகு அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடுகிற சத்தம் டக்கென்று கேட்கும், பிறகு, இருக்கீங்களா. மாத்திரை வாங்கியாந்திருக்கேன். தண்ணி மோட்டார் சரியாச்சுங்களா. எல்லா வாக்கியத்திலும் மரியாதை இருக்கிறது, மாமா மட்டும் இல்லை. அந்தச் சொல் இருந்த இடம் பல் விழுந்த இடம் மாதிரி, நாக்கு போய்ப் போய்த் தடவுகிறது. ஐயா என்று கூப்பிட்டுவிடுவாளோ என்று சில சமயம் பயமாக இருக்கும். கூப்பிடவில்லை, ஒன்றுமில்லாமலே விட்டிருக்கிறாள், அதில் எனக்கு ஒரு ஆறுதல். ஏன் வருகிறாய் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அவளுக்கே அந்தக் கேள்வி தோன்றி, நின்றுவிடுவாளோ என்று.

அவளிடம் போய் இதைக் கேட்கிறேன். கேட்கக்கூட இல்லை. வியாழக்கிழமை மதியம் கோர்ட் எதிரே வர முடியுமா கண்ணு, வீட்டு விஷயமா ஒரு கையெழுத்து என்றேன் போனில். வீட்டு விஷயம். பொய் சொல்லும்போது கூட நல்ல பொய்யாகச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒரு சூட்கேஸோடு இறங்கிப்போன பெண்ணை, என் உடம்பை என்ன செய்வது என்று நீ முடிவு பண்ணு என்று எந்த வாயால் கேட்பது. பிரபாகரைப் போட்டிருக்கலாம், அதுதான் முறை. அவன் கெட்டவன் இல்லை. அவன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பூனாவிலிருந்து பறந்து வந்தான், டாக்டர்களிடம் இங்கிலீஷில் நிறையப் பேசினான், வராந்தாவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தான். கோகிலா கட்டிலோரம் குனிந்து, அத்தை, மழை வந்திருச்சு, கொடியில இருந்த துணியெல்லாம் எடுத்துட்டேன் என்றாள். ருக்குமணியின் வாயில் குழாய், மார்பு ஏறி ஏறி இறங்குகிறது, அது அவள் மூச்சே இல்லை, ஏர் பிரேக் விடுகிற மாதிரி மிஷின் புஸ், புஸ் என்று விடுகிற மூச்சு, அவளுக்கு எதுவும் கேட்காது என்று நர்ஸ் சொன்னாள், ஆனால் துணியை எடுத்துவிட்டேன் என்றதும் அவள் நெற்றிச் சுருக்கம் ஒன்று இறங்கியதை நான் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பிரமை என்பார்கள். அதனால்தான் கோகிலா. வேறு காரணம் ஒன்றும் இல்லை. மழை வந்தால் எனக்கும் யாராவது சொல்ல வேண்டும்.

பிரின்டர் கரகரத்து இரண்டு பக்கம் துப்பியது. படிச்சுப் பாருங்க ஐயா, தப்பு இருந்தாச் சொல்லுங்க, மாத்திக்கலாம் என்று சூட்டோடு நீட்டிவிட்டு மெர்சி வாடகை ஒப்பந்தத்துக்குப் போய்விட்டாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். நாச்சிமுத்து ஆகிய நான், நல்ல நினைவுடனும் தெளிந்த புத்தியுடனும், பிறருடைய தூண்டுதல் இன்றி எழுதி வைப்பது. நன்றாக இருந்தது, அது என்னைப் பற்றித்தானா என்று ஒரு தரம் திரும்பப் படித்தேன். என்னால் பேச இயலாத நிலை ஏற்படுமானால் என் சார்பில் பேசக் கீழ்க்கண்டவரை நியமிக்கிறேன். பிறகு வரிசையாக. குழாய் வழி உணவு, வேண்டாம். இதயத்தை மீண்டும் இயக்கும் சிகிச்சை, வேண்டாம். மூன்றாவது வரி. செயற்கைச் சுவாசக் கருவி, வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். வேண்டும். ஒரு எழுத்துதான், காலுக்குப் பதிலாகக் கீழே ஒரு சுழி. என் முனகலை அவள் அப்படிக் கேட்டிருக்கிறாள், இல்லை, விரல் தவறியிருக்கும். அம்மா மெர்சி, இங்க ஒரு தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. ஏனென்றால் அந்தச் சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் என் நெஞ்சு குதித்தது. பயத்தில் இல்லை. பயத்தில் குதிப்பது எனக்குத் தெரியும், மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் ஒருநாள் இறங்கியிருக்கிறோம். இது வேறு, தொலைந்த பை கிடைத்த மாதிரி, பெயர் கூப்பிடும்போது நம் பெயரும் வந்துவிட்ட மாதிரி. சீ என்று எனக்கே ஆனது. எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். ருக்குமணியின் கருமாதியில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன், அவள் பட்ட பாடு போதும், எனக்கெல்லாம் அந்த மிஷின் ஆகாது, போற உயிரைக் கட்டி வைக்கக் கூடாது என்று. டீக்கடையில் சொன்னேன். மயில்சாமியிடம் சொன்னேன். நாச்சிமுத்துன்னா நாச்சிமுத்துதான், துணிச்சல்காரன் என்றான், அதைக் கேட்டுக்கொண்டு நடந்து வீட்டுக்கு வந்தேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. நோட்டரி வக்கீல் கூட, உங்க வயசுல இவ்வளவு தெளிவா யாரும் வர்றதில்லைங்க என்றார். தெளிவு. ஒரு டைப்பிங் தவறு போதும், தெளிவு எங்கே போனது என்று தெரியவில்லை. இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது எனக்கு, எதற்காக அந்த மிஷின், யோசித்துப் பார்த்தால் சொல்லும்படி ஒன்றுமில்லை. நாளைக்குப் பேப்பரில் என்ன போட்டிருப்பான் என்று பார்க்கணும். கோடை மழையில் ரோட்டிலிருந்து கிளம்புகிற அந்த வாசனை. ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டு போடுகிற சத்தம். இதை வைத்துக்கொண்டு ஒருவன் மிஷின் கேட்பானா, ஆஸ்பத்திரியில் கட்டில் வேண்டும் என்று வரிசையில் எத்தனை சின்னப் பிள்ளைகள். திருத்தச் சொல்லிவிடலாம், இதோ, வாடகைக்காரர் முடித்ததும். முடித்துவிட்டார். மெர்சி டீ குடிக்கிறாள், குடிக்கட்டும். குடித்துவிட்டாள். காகிதத்தை முழங்கால் மேல் வைத்து மடிப்பில்லாத இடத்தை நீவிக்கொண்டே இருக்கிறேன். சொல்லாமல் இருந்தால், தானாக நடந்த மாதிரி இருக்கும். யாரும் கேட்டால், கவனிக்கலைங்க, கண்ணு தெரியலை என்று சொல்லிக்கொள்ளலாம். அவ்வளவு கேவலமாக யோசிக்கிறேன், உயிரைக்கூட டிக்கெட் எடுக்காமல் ஒட்டிக்கொண்டு வரலாம் என்று பார்க்கிறேன், அப்படி வந்தவர்களை நடு ரோட்டில் இறக்கிவிட்டவன் நான்.

டக். ஸ்டாண்டு. எத்தனை வண்டிச் சத்தத்திலும் அது எனக்குத் தெரிகிறது. கோகிலா ஹெல்மெட்டைக் கழற்றி முடியை ஒதுக்கிக்கொண்டே வருகிறாள், ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்களா, சாப்பிட்டீங்களா என்கிறாள், அந்த இடைவெளியோடு. இப்பத்தான் கண்ணு என்று பொய் சொல்லிக் காகிதத்தை நீட்டுகிறேன். கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டுகிறேன், அவள் படிக்காமலே போட்டுவிடுவாள் என்று ஒரு கணம் நம்புகிறேன். அவள் படிக்கிறாள். நின்றுகொண்டே, முதல் வரியிலிருந்து. நான் அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டு விஷயம்னீங்க என்கிறாள். வீட்டு விஷயம்தான் கண்ணு. உடம்பு எப்பங்க வீடாச்சு? தடித்த ஆள் சிரிக்கிறார், அவள் அவரை ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்துகிறார். முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல, போன்ல சொன்னா நான் என்ன கடிச்சா முழுங்கப்போறேன். நீ வேண்டாம்னா விட்டுரலாம் கண்ணு, பிரபாகர் பேரைப் போட்டுக்கலாம் என்கிறேன். அவள் கண் கீழே இறங்குகிறது, எந்த வரியில் நிற்கிறது என்று செருப்பைப் பார்த்துக்கொண்டே எனக்குத் தெரிகிறது. என்னைப் பார்க்கிறாள். என்னால் நிமிர முடியவில்லை, காது மடல் கொதிக்கிறது. கருமாதிப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவள் அவள்தான், நான் சொன்னதையெல்லாம் கேட்டிருக்கிறாள்.

மேடம், வந்துட்டீங்களா என்று மெர்சி உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறாள், ஒரு இடம் காலியா இருக்குதுங்க, ஐயா உங்களுக்கு என்ன வேணும்? கடை முழுக்கக் கேட்கிற குரல். எனக்கு என்ன வேணும்ங்கிறது அப்புறம் என்கிறாள் கோகிலா, முதல்ல அவருக்கு என்ன வேணும்னு கேளுங்க, மூணாவது வரி. காகிதத்தை மெர்சியின் மேஜையில் வைத்து விரலை ஊன்றிக் காட்டுகிறாள். மெர்சி குனிந்து பார்த்து நெற்றியில் தட்டிக்கொள்கிறாள். அய்யோ, எல்லாத்துக்கும் வேண்டாம்னுதான் ஐயா சொன்னாரு, தெரியாம விழுந்துருச்சுங்க மேடம், ஒரு நிமிஷம், இதோ மாத்திடறேன். மவுஸை நகர்த்துகிறாள். திரையில் அந்தச் சொல் நீலமாகிறது. அழிக்கப் போகிறாள், விரல் போகிறது, சரிதான், அதுதான் நான் சொன்னது, சாட்சிகள்கூட இருக்கிறார்கள்.

ஹோல்டான்!

வயிற்றிலிருந்து வருகிறது, பஸ்ஸின் பின்படிக்கட்டில் நின்று முன்சீட்டு டிரைவருக்குக் கொடுத்த அதே குரல், இத்தனை வருஷம் அது எங்கே இருந்தது. ஜெராக்ஸ் பையன் திரும்பிப் பார்க்கிறான், ரோட்டில் ஒரு ஆட்டோக்காரர் பிரேக்கைப் பிடித்துவிட்டு யாரு என்று எட்டிப் பார்க்கிறார், கடை மொத்தமும் சிரிக்கிறது, அந்தச் சின்னப் பெண் சத்தமாகவே சிரிக்கிறது. மெர்சியின் விரல் அந்தரத்தில் நிற்கிறது. கோகிலா சிரிக்கவில்லை. சொல்லுங்க என்கிறாள். என்ன சொல்வது, எல்லார் முன்னாலும், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, அது இருக்கட்டும் கண்ணு என்கிறேன். கொஞ்ச நாளைக்கு. கொஞ்ச நாள்னா? தெரியலை. பத்திரத்துல கொஞ்ச நாள்னு போட்டா டாக்டருக்கு எப்படிங்க புரியும்? நீ பாத்து, போதும்னு எப்பத் தோணுதோ, என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் நிற்கிறேன், ஒரு மனுஷியின் தலையில் எவ்வளவு பெரிய மூட்டையை ஏற்றுகிறேன் என்று வாயில் வந்த பிறகுதான் தெரிகிறது. அவள் ஹெல்மெட் வாரை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள். போய்விடுவாள் என்று நினைக்கிறேன், போனால் அதுதான் நியாயம். பிறகு மெர்சியிடம் சொல்லுகிறாள், சாதாரணமாக, காய் வாங்குகிற குரலில். அழிக்காதீங்க. வேண்டும், எத்தனை நாள் என்பதை நான் நியமிப்பவர் மருத்துவரோடு பேசி முடிவு செய்வார்னு சேருங்க. வக்கீல் பாத்துச் சரி பண்ணிக்கட்டும். மெர்சி தட்டுகிறாள். சேர்த்துட்டேன் மேடம், உறவு? மருமகள்னு போடுங்க.

தூக்கிவாரிப்போடுகிறது. சட்டப்படி அது இல்லையே, எதிரில்தானே கோர்ட், மேலே வக்கீல் கேட்டால், அந்தத் தீர்ப்பு, இந்தப் பேச்சு எல்லாம் இங்கே வந்துவிடுமே என்று பதறிக்கொண்டு, கண்ணு, அது வந்து, என்று எழுந்திருக்கிறேன். அவள் பேனா மூடியைப் பல்லில் கடித்து இழுத்தபடி, என் பக்கம் திரும்பாமலே, பேசாம இருங்க மாமா என்கிறாள். பேசாமல் இருக்கிறேன்.